கிண்ணத்தில் விழுவது என்னவென்று வீட்டில்தான் தெரியும்

நடுவர் ஐயா அவர்களே, இரு அணியிலும் இருக்கும் நண்பர்களே, வேலை முடிந்த கையோடு வெள்ளவத்தை வரை வந்து உட்கார்ந்திருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளைச் சொக்லேட் பிரவுனியை வீட்டில் சுடுவது சிறந்ததா, கடையில் வாங்குவது சிறந்ததா என்பதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி கடையின் பக்கம் நின்று மூன்று விஷயம் சொன்னார். காலி வீதியில் கொஞ்சத் தூரம் நடந்தாலே விதம்விதமாகக் கிடைக்கிறது என்றார். வேலைக்குப் போய் வரும் அம்மாவின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டக் கூடாது என்றார். பேக்கரிக்காரரும் பிழைக்க வேண்டும் என்றார். மூன்றும் மனசாட்சியோடு பேசிய பேச்சு; மூன்றுக்கும் வருகிறேன். ஆனால் அவர் தொடாமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பிரவுனிக்குள் வெள்ளையாக இருப்பது என்ன?

வெள்ளைச் சொக்லேட்டில் கொக்கோத் தூள் கிடையாது. கொக்கோ விதையிலிருந்து பிழிந்தெடுத்த கொழுப்பு, அதாவது கொக்கோ பட்டர், அதோடு பாலின் திண்மமும் சீனியும். அவ்வளவுதான். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை, வெள்ளைச் சொக்லேட் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 20 சதவீதம் கொக்கோ பட்டரும் 14 சதவீதம் பால் திண்மமும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கொக்கோ பட்டர் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகும். நம் உடம்பின் சூட்டுக்குச் சற்றே கீழே. அதனால்தான் நல்ல வெள்ளைச் சொக்லேட் நாக்கில் வைத்த உடனே கரைந்து போகிறது.

ஆனால் கொக்கோ பட்டர் விலை கூடியது. கொழும்பு வெயிலுக்கு இளகவும் செய்யும். ஆகவே அதற்குப் பதிலாகப் பாம் விதைக் கொழுப்பைப் போட்டு, பார்வைக்கு அதே மாதிரி வெள்ளைக் கட்டிகள் செய்கிறார்கள். கொம்பவுண்ட் என்று பேக்கரித் தொழிலில் சொல்வார்கள். விலை குறைவு, வெயிலைத் தாங்கும், காட்சிப் பெட்டியில் நாள் முழுக்க அழகாக நிற்கும். சாப்பிட்டால் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லாக் கடையும் அதைத்தான் போடுகிறது என்று நான் சொல்லவில்லை, ஐயா. எந்தக் கடை எதைப் போடுகிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை என்பதுதான் என் வாதம். 2016 இலிருந்து நம் நாட்டில் குளிர்பானப் போத்தலில்கூடச் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போட்டுக் காட்ட வேண்டும். ஆனால் இடுக்கியால் எடுத்துக் கடதாசிப் பையில் போட்டுத் தரும் பிரவுனித் துண்டில் எந்த லேபிள் இருக்கிறது? சுடுகிறவர் மட்டும்தான் பொதியைத் திருப்பிப் பார்க்கிறார். சேர்மானத்தில் கொக்கோ பட்டர் என்று இருக்கிறதா, தாவரக் கொழுப்பு என்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறார். என் அணியின் முதல் பலம் அதுதான்.

சரி, வாங்கி வந்தாயிற்று. இனி அடுப்படிக்கு வருவோம். இந்தப் பிரவுனி கவனத்தைக் கேட்கும் பண்டம் என்பதால் இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

எட்டு அங்குலச் சதுரத் தட்டுக்கு 115 கிராம் பட்டர், 225 கிராம் வெள்ளைச் சொக்லேட், 100 கிராம் சீனி, இரண்டு முட்டை, 130 கிராம் கோதுமை மா, அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் வனிலா. சொக்லேட்டில் 150 கிராமைப் பட்டரோடு உருக்கிவிட்டு, மீதியைத் துண்டாக நறுக்கிக் கடைசியில் சேர்க்க வேண்டும். உருக்கும்போதுதான் பலர் மனம் வெறுத்துப் போகிறார்கள். வெள்ளைச் சொக்லேட்டில் பாலும் சீனியும் அதிகம். நேரடி நெருப்பில் வைத்தால் அடிப்பிடித்து மணல் மாதிரி ஆகிவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, அந்தச் சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்தால் போதும். கிண்ணத்தின் அடி தண்ணீரில் முட்டக் கூடாது. பட்டர் முக்கால்வாசி உருகியதும் சொக்லேட்டைப் போட்டு மெதுவாகக் கிளற வேண்டும். பட்டர் இல்லாமல் சொக்லேட்டை மட்டும் உருக்குவதென்றால் ஈரத்துக்கு இன்னும் பயப்பட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே சீனித் துணிக்கைகள் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டி, முழுவதும் கட்டியாகிவிடும். கொழும்பின் காற்றிலே எப்போதும் ஈரம் இருக்கிறது. மூடி போட்டால் அதன் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். அதனால் மூடவே கூடாது.

உருக்கியது கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு சீனி, அப்புறம் முட்டை, கடைசியாக மாவும் உப்பும். மாவைப் போட்ட பின் அடித்துக் கலக்கினால் பிரவுனி கேக்காகிவிடும். வெள்ளை மா கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஓவனை முன்கூட்டியே 170 பாகையில் சூடாக்கி வைத்து, இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம். கறுப்புப் பிரவுனி வெந்ததா கருகியதா என்று நிறத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். இது அப்படியில்லை. ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் வெளிறி இருக்கும்போது, ஒரு ஈர்க்கைக் கழுவித் துடைத்துக் குத்திப் பாருங்கள். கூழாக ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். ஈரமான துகள் இரண்டு மூன்று ஒட்டினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள், மிச்சத்தைத் தட்டின் சூடு பார்த்துக்கொள்ளும். கடைக்காரர் இந்த இடத்தில் எடுக்கத் தயங்குவார். அவருடைய பிரவுனி பெட்டியில் அடுக்கப்பட்டு, வாகனத்தில் குலுங்கி, உடையாமல் போய்ச் சேர வேண்டும். ஆகவே இன்னும் கொஞ்சம் காயவிட்டுத்தான் எடுப்பார். நடுவிலே அந்த இளக்கம் வேண்டுமென்றால் அடுப்படியிலிருந்து மேசைக்கு நேரே வர வேண்டும், ஐயா.

இனிப்பு விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைச் சொக்லேட்டின் எடையில் பாதியளவு சீனியாக இருப்பது சாதாரணம். அப்படிப் பார்த்தால் அந்த 225 கிராமுக்குள்ளேயே நூறு கிராமுக்கு மேல் சீனி வந்துவிடுகிறது. நாம் தனியாகப் போடுகிற நூறை எழுபதாகக் குறைத்தாலும் ருசி குறையாது. அதற்கும் கீழே போனால் ஈரப்பதம் போய்ப் பிரவுனி வறண்டுவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இனிப்பை மடக்க உப்பு வேண்டும், தேசிக்காயின் மணமும் வேண்டும். ஒரு தேசிக்காயின் பச்சைத் தோலை மட்டும் துருவிப் போடலாம். வறுத்த கஜு ஒரு கைப்பிடி போட்டால் கடிக்கவும் சுகம். வீட்டிலே அப்பாவுக்கு நீரிழிவு, சின்னவருக்குக் கஜு ஒவ்வாது என்றால் அதற்கேற்ப மாற்றிச் சின்னத் துண்டாக வெட்டலாம். கடையில் ஒரே அளவு, ஒரே இனிப்பு.

இப்போது சகோதரியின் கேள்விகள். விதம்விதமாகக் கிடைக்கிறது என்றார்; கிடைக்கட்டும், உள்ளே இருப்பது என்னவென்று தெரியாதே என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அம்மாவின் சுமை என்றார். அந்த அக்கறையை நான் வணங்குகிறேன். ஆனால் சுமை அம்மாவின் தலையில்தான் விழ வேண்டும் என்று எந்த வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறது? தராசில் மாவை நிறுப்பது பத்து வயதுப் பிள்ளை செய்யக்கூடிய வேலை. சொக்லேட் நறுக்குவது அப்பா செய்யக்கூடிய வேலை. மிக்சரும் வேண்டாம், பீட்டரும் வேண்டாம்; ஒரு கிண்ணமும் ஒரு கரண்டியும் போதும். சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேர் சேர்ந்து நின்றால் கை வேலை அரை மணித்தியாலம். பெண்ணின் வேலையைக் குறைக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறவர்கள், வீட்டு ஆண்பிள்ளைகளை அடுப்படிக்குள் கூப்பிடுங்கள் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும்.

மின்கட்டணம் என்று அடுத்து வரப்போகிறவர் சொல்லக்கூடும். 1500 வாற்று ஓவன் ஒன்று, சூடேற்றும் நேரத்தோடு நாற்பது நிமிடம் இடைவிடாமல் ஓடினாலும் ஒரு யூனிட்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர் இது, மறக்கவில்லை. அப்போது கடையின் போறணையும்தான் சிரமப்பட்டது. ஓவனே இல்லாத காலத்தில் நம் ஊர்ப் பெண்கள் மேலும் கீழும் தணல் வைத்துக் கேக் சுட்டிருக்கிறார்கள்.

பேக்கரிக்காரரின் பிழைப்பு? பாணும் பணிஸும் மாலு பாணும் அவரிடம்தான் வாங்குகிறோம், இனியும் வாங்குவோம். அதோடு இந்த நகரத்தில் தங்கள் வீட்டு அடுப்படியிலேயே கேக் சுட்டு, ஓடர் எடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களெல்லாம் முதலில் வீட்டாருக்குச் சுட்டுப் பழகியவர்கள்தானே? வீட்டில் சுடுவதை நிறுத்தினால் அந்தத் தொழிலுக்கு ஆள் எங்கிருந்து வரும்?

நடுவர் ஐயா, மணி அடிக்கப் போகிறீர்கள், தெரிகிறது. எதிரணித் தலைவரிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். நீங்கள் கடைசியாக வாங்கிய வெள்ளைச் சொக்லேட் பிரவுனியில் இருந்தது கொக்கோ பட்டரா, பாம் கொழுப்பா? அடுத்து உங்கள் முறை வரும்போது அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.