காசு வந்தது, கல்லாப்பெட்டி வரலையே!

நடுவர் அவர்களே, தருமபுரிப் பக்கத்துப் பெண்கள் முதலாளி ஆகாததற்குக் காரணம் முதலீடு இல்லாததா, ஊர் வழக்கமா என்பது தலைப்பு. ஊர் வழக்கம்தான் என்று பேச வந்திருக்கிறேன். முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "கையில் காசைக் கொடுங்கள், எல்லாம் தானாக நடக்கும்" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். அண்ணா, காசு நம்ம ஊருக்குத்தானே முதலில் வந்தது! தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் ஆரம்பித்ததே, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரி மாவட்டத்தில்தான்.

அப்புறமும் புளி மண்டியில் போய்ப் பாருங்கள். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பது முழுக்கப் பெண்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எந்தப் புளி கறுத்துப்போகும், எது கோல்டு ஸ்டோரேஜில் தாங்கும் என்று தொட்டே சொல்வார்கள், ஆனால் விலை பேசுகிற இடத்தில் இருக்க மாட்டார்கள். மண்டியில் கடனுக்குச் சரக்கு எடுப்பது பத்திரத்திலா நடக்கிறது? பழக்கத்தில் நடக்கிறது. "இன்னார் மகன்" என்றால் மூட்டை வண்டி ஏறும். "இன்னார் மகள்" என்றால், "அப்பாவை வரச் சொல்லும்மா." மாந்தோப்புக் குத்தகை பூ எடுக்கும்போதே டீக்கடை பெஞ்சில் முடிந்துவிடும், அங்கே ஒரு பெண் போய் உட்கார்ந்தால் ஊர் தோப்பைப் பற்றியா பேசும்?

அடமானம் வைக்கச் சொத்து இல்லையே என்பார்கள். அதே 1989-ல்தான், கல்யாணம் ஆகாத மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாகப் பங்கு என்று தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னது; 2005-ல் நாடு முழுக்க, கல்யாணமான மகளுக்கும் சேர்த்தே வந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸில் நடப்பது என்ன? அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தம்பி எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவையோடு பஸ் ஏறுகிறார். சொத்து இருந்தது சார், எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

2016-ல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் பெண்கள் புதுத் தொழில் தொடங்க 10 லட்சம் முதல் 1 கோடி வரை வங்கிக் கடன் கொடுத்தார்கள். கூட்டாக நடத்தும் தொழில் என்றால் 51 சதவீதப் பங்கு அவர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. சரி, பேர் மாறியது. போர்டில் உரிமையாளர் என்று மனைவி பெயர், கீழே இருக்கிற நம்பருக்குப் போன் போட்டால் எடுப்பது வீட்டுக்காரர்!

ஓசூர் கம்பெனி பஸ்ஸில் எவ்வளவு பெண்கள் போகிறார்கள் தெரியுமா என்று அடுத்தவர் கேட்கப்போகிறார், குறிப்பு எழுதுவது இங்கிருந்தே தெரிகிறது. அது சம்பளம் அண்ணா. அந்தக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் போடுகிற லேத் பட்டறைகளில், ஆர்டர் பிடிப்பதும் ரேட் பேசுவதும் பெண்ணாகவே இருக்கிற பட்டறை எத்தனை? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.