சர் ஆர்தர் காட்டன்: அந்தப் பெயரில் இருப்பது பருத்தியா?

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். முக்கொம்பு மேலணையைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாராம். ஓரிடத்தில் "பருத்தி கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டியது" என்று வந்திருக்கிறது. "காட்டன் என்றால் பருத்திதானே? இவருக்கு ஏன் இந்தப் பெயர்? சர் காட்டன் என்று எழுதினால் சரியா?" என்பது கேள்வி.

நல்ல கேள்வி. முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆர்தர் காட்டன் 1803இல் பிறந்தவர், சென்னை மாகாணத்தில் ராணுவப் பொறியாளர். 1836இல் கொள்ளிடத்தில் மேலணை வேலையைத் தொடங்கினார். அதற்கப்புறம் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார், அது 1852இல் முடிந்தது. ஆந்திராவில் இன்றும் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள். அப்படிப்பட்டவரைச் செயலி பருத்தி ஆக்கிவிட்டது என்றால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இவர் பெயருக்கும் பருத்திக்கும் உறவே இல்லை. துணியைக் குறிக்கும் காட்டன் அரபு மொழியில் 'குத்ன்' என்று இருந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. குடும்பப் பெயரான காட்டன் பழைய ஆங்கிலம். 'குடிசைகள் இருக்கும் இடம்' என்ற பொருளில் இங்கிலாந்தில் பல ஊர்களுக்கு இந்தப் பெயர் உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கு ஊர்ப்பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

பொருள் தெளிவாகத் தெரிகிற பெயர்களிலும் அந்தப் பொருளை ஆள்மேல் ஏற்றக் கூடாது. தாட்சர் என்றால் கூரை வேய்பவர். பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் மளிகைக் கடைக்காரரின் மகள், வேதியியல் படித்தவர். பிறந்த வீட்டுப் பெயர் ராபர்ட்ஸ். தாட்சர் என்பது கணவர் வழியாக வந்தது. என்றைக்கோ ஒரு முன்னோர் கூரை வேய்ந்திருக்கலாம், அவ்வளவுதான். அதனால் மொழிபெயர்க்கும்போது குடும்பப் பெயரை ஒலிப்படியே எழுதுங்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வாக்கியத்தின் நடுவிலும் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்கும். ஒருவரை மட்டும் சொல்லும்போது பொதுவாக முன்னால் 'தி' வராது. 'தி காட்டன்ஸ்' என்று வந்தால் காட்டன் குடும்பத்தார் என்று பொருள். ஆர்தரின் தம்பி ஃபிரெடெரிக்கும் இங்கே பொறியாளர்தான், இருவரையும் சேர்த்து அப்படிச் சொல்லலாம். பன்மையில் பெயரின் எழுத்துக் கோவை மாறாது. கென்னடி என்பதில் கடைசி எழுத்து 'ஒய்', அதை அப்படியே வைத்துக்கொண்டு 'எஸ்' மட்டும் சேர்க்க வேண்டும். ஜோன்ஸ் போல 'எஸ்' எழுத்தில் முடிந்தால் 'இஎஸ்' சேர்த்து ஜோன்ஸஸ். இந்தப் பன்மைக்கு அபாஸ்ட்ரஃபி, அதாவது 'எஸ்' பக்கத்தில் மேலே போடும் ஒற்றைக் குறி, போடவே கூடாது. வீட்டு வாசல் பலகையிலும் வாழ்த்து அட்டையிலும் ஆங்கிலேயரே தவறும் இடம் இது.

சரி, அந்த 'சர்'. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் அதிகம் இல்லை, இனிஷியலோடு நம் காரியம் முடிந்துவிடும். அதனால்தான் இங்கே குழப்பம் வருகிறது. மிஸ்டர், ஜெனரல், டாக்டர் எல்லாம் குடும்பப் பெயரோடு சேரும்: ஜெனரல் காட்டன். சர் பட்டம் மட்டும் சொந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளும். சர் ஆர்தர் என்று எழுதலாம், சர் ஆர்தர் காட்டன் என்றும் எழுதலாம். சர் காட்டன் தவறு. அவருக்குப் பட்டம் கிடைத்தது 1861இல். மேலணை கட்டியபோது அவர் வெறும் காட்டன்தான், கட்டுரை எழுதுகிறவர்கள் இதையும் கவனியுங்கள்.

இன்னொன்று, குடும்பப் பெயரே பொதுச்சொல்லாக மாறுவதும் உண்டு. அயர்லாந்தில் சார்லஸ் பாய்காட் என்று ஒரு பண்ணை நிர்வாகி இருந்தார். 1880இல் குத்தகைத் தகராறில் ஊரே அவரை ஒதுக்கி வைத்தது. வேலைக்கு ஆள் வரவில்லை, கடையில் சாமான் தரவில்லை. அவர் பெயரே புறக்கணிப்பதற்குச் சொல்லாகிவிட்டது. அந்தப் பொருளில் வரும்போது சின்ன எழுத்தில்தான் எழுதுவார்கள். அங்கே 'பாய்காட்' என்று ஒலிப்படி விட்டுவிடாமல் புறக்கணிப்பு என்று தாராளமாக மொழிபெயர்க்கலாம்.