உம் கொட்ட ஆள் வேண்டும்

(பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. நேரமில்லாமல் மேடையில் விட்டுப்போன ஓரிரு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் தெருவில் மாதம் ஒருமுறை நடக்கும், அவரவர் தனக்கு நடந்ததைச் சொல்லும் கதை இரவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கதை சொல்வதைவிடக் கதை கேட்பதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன். ஏன் என்பதற்கு என் ஆச்சியிடமிருந்து தொடங்க வேண்டும்.

நான் முக்கூடலில் வளர்ந்தவள். ஆச்சி பீடி சுற்றுவாள். மடியில் சொளவு, அதாவது முறம், அதில் நனைத்து வெட்டிய இலை, தூள், நூல். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால்தான் ஆயிரம். ஆயிரத்துக்குத்தான் கூலிக் கணக்கு. கண் இலையில் இருக்கும், விரல் தானாக ஓடும், வாய்க்கு மட்டும் வேலை இருக்காது. அந்த வாய்தான் கதை சொன்னது. ராஜா ராணிக் கதையெல்லாம் அவளுக்கு வராது. கல்யாணமாகி மாட்டு வண்டியில் வந்தபோது ஆற்றின் நடுவில் மாடு நகர மாட்டேன் என்று நின்றது, பஞ்சத்தில் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றது, செத்துப்போன முதல் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருந்தாள் என்பது, எல்லாமே அவள் பட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உம் கொட்ட வேண்டும். கொஞ்சம் அசந்துவிட்டால் கை நின்றுவிடும். "ஏட்டி, முழிச்சிருக்கியா தூங்கிட்டியா? நீ உம் கொட்டலன்னா எனக்கு எப்படிட்டி கதை வரும்?" என்பாள்.

இந்தக் கேள்வியை நான் வெகுநாள் சாதாரணமாக நினைத்திருந்தேன். அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்பது கதை இரவு நடத்த ஆரம்பித்த பிறகுதான் விளங்கியது.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். முன்னால் இருந்து பாடுகிறவர் வசனமாக ஒரு வரி சொல்வார், பக்கத்தில் இருக்கிறவர் "ஆமா" போடுவார். அந்த ஆமா இல்லாவிட்டால் அடுத்த வரிக்கு அவரால் நகர முடியாது. நம் வில்லுப்பாட்டுக் கதைகளில் எத்தனையோ, இந்த மண்ணில் வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் செத்தவர்களின் கதைகள். முத்துப்பட்டன் மாடு காக்கப்போய்ச் செத்தான். இன்றைக்கும் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில், பட்டவராயன் என்று சாமியாகிவிட்ட அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. நாட்டுப்புறக் கதைப்பாடல்களைத் தேடிச் சேகரித்து அச்சில் கொண்டுவந்த நா. வானமாமலை இந்தப் பாளையங்கோட்டையில் இருந்துதான் வேலை செய்தார். ஆகவே உண்மைக் கதை கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. நமக்குப் புதிது வேறொன்று. செத்துச் சாமியான பிறகு அடுத்தவர் பாடுவதற்குப் பதிலாக, உயிரோடு இருக்கும்போதே ஒருவர் தன் கதையைத் தன் வாயால் நாலு பேர் முன்னால் சொல்வது.

அந்த வடிவம் எனக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1997இல் ஜார்ஜ் டாஸ் கிரீன் என்ற எழுத்தாளர் நியூயார்க்கில் தன் வீட்டு வரவேற்பறையில் நண்பர்களைக் கூட்டி ஒரு கதை இரவு நடத்தினார். அவர் ஜார்ஜியா மாநிலத்துக்காரர். அங்கே இருந்த நாட்களில் இரவு நேரத்தில் ஒரு தோழியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசுவார்களாம். கொசுவலையில் இருந்த ஓட்டை வழியாக விட்டில்கள் விளக்கைத் தேடி வருமாம். அந்த நினைவில்தான் தன் அமைப்புக்கு 'தி மாத்', அதாவது விட்டில், என்று பெயர் வைத்தார். 2009இலிருந்து அது வானொலியிலும் வருகிறது. அங்கே நடக்கும் போட்டி இரவுகளின் முறை எளிமையானது. அன்றைக்கு ஒரு தலைப்பு. சொல்ல விரும்புகிறவர்கள் பெயர் எழுதிப் போட வேண்டும். பெயர் வந்தவர் கையில் காகிதம் இல்லாமல், தனக்கு நடந்ததை ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள்.

திண்ணை என்ற சொல்லைப் படித்த உடனே எனக்கு முக்கூடல் வீடுதான் கண்ணில் நின்றது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, ஒரு டியூப் லைட்டைப் போட்டு, தெருவில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். முதல் மாதம் பதினாலு பேர். கருப்பட்டிக் காப்பியும் அவித்த கடலையும். பெயரைச் சீட்டில் எழுதி ஒரு பித்தளைச் செம்பில் போடுவது. ஐந்து நிமிடம் ஆனதும் டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டு. மைக் வைக்கவில்லை, முப்பது பேர் வரைக்கும் மைக் தேவையில்லை, வைத்தால் குரல் மாறிவிடுகிறது. மனிதர்கள் சட்டென்று மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

மதிப்பெண்ணும் போட்டுப் பார்த்தோம். அது தப்பு. பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிப் பழகிய கல்லூரிப் பிள்ளைகள் ஏற்ற இறக்கத்தோடு அழகாகச் சொன்னார்கள், ஒன்பது பத்து வாங்கினார்கள். பீடிக் கடைக்குப் போய்விட்டு அலுத்துக் களைத்து வந்த ஒரு அக்கா, தன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய நாளைச் சொன்னார். நடுவில் இரண்டு இடத்தில் நின்றுபோனார். அவருக்கு ஆறு. ஒரு தாய் சொன்ன அந்த நாளுக்கு ஆறு என்று அட்டையைத் தூக்கிக் காட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த அட்டைகளை அதோடு தூக்கிப்போட்டுவிட்டோம். அந்த அக்காவைத் திரும்ப வரவைக்க நாலு மாதம் ஆனது.

கேட்பவர் எப்படிக் கேட்கிறாரோ அப்படித்தான் கதை வரும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் பவேலாஸும் அவருடைய குழுவும் 2000இல் வெளியிட்ட ஆய்வு அது. மயிரிழையில் ஆபத்திலிருந்து தப்பிய சொந்த அனுபவத்தை ஒருவர் எதிரே இருப்பவரிடம் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் தனியாக ஒரு வேலை: சொல்கிறவர் பேச்சில் ஆங்கிலத்தின் 'டீ' எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். அந்தக் கேட்பவர்கள் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒவ்வொரு சொல்லையும் கவனித்தார்கள். ஆனால் கதையைக் கேட்கவில்லை. அதனால், திடுக்கிட வேண்டிய இடத்தில் அவர்கள் முகத்தில் ஒன்றும் வரவில்லை. அப்போது சொல்கிறவருக்கு என்ன ஆனது தெரியுமா? கதை கெட்டுப்போனது. அதுவும் முக்கியமான கடைசிக் கட்டத்தில்தான் அதிகம் கெட்டது. சிலர் பொத்தென்று முடித்தார்கள். சிலர் முடிந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்து விளக்கம் கொடுத்தார்கள். தன் உயிர் தப்பிய கதையைக்கூட ஒரு மனிதனால் தனியாகச் சொல்ல முடியவில்லை. ஆச்சி கேட்டதும் இதைத்தான்.

மதிப்பெண் அட்டை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாங்களும் பட்டனை அமுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

அடுத்துச் சொல்லப்போவது என் தவறு. சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். ஆற்றுத் தண்ணீர் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள்ளேயே வந்தது. இதெல்லாம் பேப்பரில் வந்துவிட்டது. பேப்பரில் வராத ஒன்றை எங்கள் மாடியில் ஒரு அம்மா சொன்னார். அவர் வீடு ஆற்றோரத் தெரு. பக்கத்து வீட்டு மதினியோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வாறுகால் தண்ணீர், அதாவது சாக்கடைத் தண்ணீர், யார் வாசல் வழியாகப் போவது என்பதுதான் தகராறு. அன்று ராத்திரி முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது இவர் கேஸ் சிலிண்டர் மிதந்து போகாமல் இருக்க ஜன்னல் கம்பியில் சேலையால் கட்டிக்கொண்டிருந்தாராம். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து டார்ச் வெளிச்சம் விழுந்தது. பேச்சு இல்லை, வெளிச்சம் மட்டும். இவர் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே போய் அவர்கள் மாடிப் படியில் ஏறிவிட்டார். விடிகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒரே பாயின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் மதினி, "காப்பி குடிக்கியா, கடுங்காப்பிதான்" என்று கேட்டார். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது.

மாடியில் இருந்த யாருக்கும் பேச்சு வரவில்லை. ஆனால் ஒருவர் போனில் எடுத்துக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணத்தோடு இல்லை. நல்லா இருக்கே என்று முன்பகுதியை மட்டும் வாட்ஸாப்பில் போட்டார். முன்பகுதி என்றால் வாறுகால் சண்டை. அது சுற்றிச் சுற்றி வளைகுடாவில் வேலை பார்க்கும் மதினியின் மகன் கைக்குப் போனது. எங்க அம்மாவை ஊர் முன்னால் கேவலப்படுத்திட்டாங்க என்று அவர் போன் போட, வெள்ளத்தில் திறந்த கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. அன்றைக்குப் போன்களை அணைத்து வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் உங்ககிட்டதான சொன்னேன், ஊருக்கா சொன்னேன்?"

இப்போது மாடிப்படி அடியில் நெல் அளக்கிற மரக்கால் ஒன்று இருக்கிறது. போனையெல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் மேலே வர வேண்டும். கேட்பவர் எதிரே இருக்கிறார் என்ற நம்பிக்கையில் சொல்லப்பட்ட கதை, அவர் இல்லாத இடத்துக்குப் போனால் அது வேறு கதை. அந்த இரண்டு பேரும் பிறகு சமாதானம் ஆனார்கள். அதற்கு நான் ஐந்து முறை அந்தத் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. ஒருவர் சொல்லி முடித்த உடனே "நீங்க அப்பவே டாக்டர்கிட்ட போயிருக்கணும்", "அந்த ஆளை நம்பினதுதான் தப்பு" என்று நாலு பேர் ஆரம்பித்துவிடுவார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், தெரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு சொன்னவர் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறார். இப்போது கதை முடிந்தால் காப்பிதான் கொடுக்கிறோம். புத்தி சொல்ல வேண்டுமென்று தோன்றினால் ஒரு வாரம் கழித்து, தனியாக, அவர் கேட்டால்.

பெண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தன் வாயால் பலர் முன்னால் சொல்ல ஓர் இடம் இருந்தது. அது சாவு வீடு. ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டால் தெரியும். செத்தவரைப் பற்றி நாலு வரி போன பிறகு பாட்டு பாடுகிறவளுடைய கதைக்குத் திரும்பிவிடும். கட்டிக்கொடுத்த இடத்தில் பட்டது, அண்ணன் எட்டிப் பார்க்காதது, எல்லாம் அங்கே வரும். சுற்றி இருக்கிற பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்பார்கள், கூடச் சேர்ந்து அழுவார்கள். யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள், யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். அதைவிடச் சிறந்த கேட்பவர்களை நான் பார்த்ததில்லை. என் ஆசையெல்லாம், அந்த மாதிரிக் கேட்பு ஒரு சாவுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதுதான்.

உண்மைக் கதை என்கிறீர்களே, உண்மை என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். நடக்காத ஒன்றைச் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. நினைவு தப்பலாம். ஒருமுறை ஒரு தம்பி சின்ன வயதில் ஆற்றில் ஆட்டுக்குட்டியை இழுத்துக் கரை சேர்த்ததைச் சொன்னார். முடித்ததும் அவருடைய அண்ணன் எழுந்து, "ஏலே, இழுத்தது நான்லா, நீ கரையில நின்னு அழுதுட்டு இருந்த" என்றார். இரண்டு பேருக்கும் குட்டியின் ஈர முடி கையில் பட்டது நினைவிருக்கிறது. இரண்டு பேரையும் சொல்லவிட்டோம். யார் இழுத்தது என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை.

எல்லாக் கதையையும் சொல்லவைத்துவிட வேண்டும் என்ற அவசரமும் கூடாது. 1999 ஜூலை 23இல், கூலி உயர்வு கேட்டு மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணி ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் உயிரோடு திரும்பவில்லை. வருஷா வருஷம் அதே நாளில் ஆற்றில் பூத் தூவுகிறார்கள். அன்றைக்குத் தண்ணீரிலிருந்து கரையேறியவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லவைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கூப்பிட மாட்டேன் என்றேன். மாடி திறந்திருக்கிறது, செம்பு இருக்கிறது, அவ்வளவுதான் நாம் செய்ய முடியும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். முதல் மாதத்திலிருந்தே வருகிறார். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி உட்காருவார், எல்லோருக்கும் உம் கொட்டுவார், காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு தடவைகூடச் சீட்டு எழுதியதில்லை. போன மாதம் செம்பில் கைவிட்டு எடுத்தால் அவர் பெயர். வந்து நின்றார். ஒரு நிமிடத்துக்கு மேலே ஒரு வார்த்தை வரவில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. போய் உட்காருங்கள் அண்ணாச்சி என்று சொல்ல எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்போது ஜமுக்காளத்தின் ஓரத்தில் பாட்டி மடியில் கிடந்த ஒரு பிள்ளை, ஏழெட்டு வயது இருக்கும், அவர் ஏதோ சொல்லிவிட்டார் என்று நினைத்ததோ என்னவோ, "உம்" என்றது.

அண்ணாச்சி அந்தப் பிள்ளையைப் பார்த்துத் திரும்பி நின்று, அதற்கே சொல்ல ஆரம்பித்தார். என்ன சொன்னார் என்பதை இங்கே சொல்ல நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

அடுத்த கூட்டம் வருகிற சனிக்கிழமை, ராத்திரி ஏழு மணிக்கு. சொல்ல ஒன்றும் இல்லாதவர்களும் வாருங்கள். நன்றி, வணக்கம்.