ஒரே ஒரு இரவுக் காட்சி

[திரையில்: டிக்கெட் செயலியின் இருக்கை வரைபடம். இரவு 10.40 காட்சி. நான்கு கட்டங்கள் மட்டும் நிறம் மாறியிருக்கின்றன.]

வணக்கம். பன்னேர்கட்டா சாலையில் உள்ள ஒரு மல்டிபிளெக்ஸில், பாட்டும் சண்டையும் இல்லாத ஒரு சிறிய தமிழ்ப் படத்துக்குக் கிடைத்த ஒரே காட்சி இது. டிக்கெட் எடுத்த அந்த நால்வரில் நானும் ஒருவன். ஆள் போதவில்லை என்று காட்சியை ரத்து செய்து பணத்தைத் திருப்பினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படம் பெங்களூரில் எங்குமே ஓடவில்லை. வித்தியாசமான படத்துக்குக் கூட்டம் வராது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கூட்டம் வந்து சேர அதற்கு எத்தனை நாள் அவகாசம் இருந்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள் வசூலை வைத்தே அடுத்த வாரக் காட்சிகள் பெரும்பாலும் பங்கிடப்படுகின்றன. வசூலைப் படத் தரப்பும் அரங்கும் பங்கிட்டுக்கொள்ளும் முறையும் அந்த அவசரத்துக்கே துணைபோகிறது. 2009-இல் இந்திப் படத் தயாரிப்பாளர்களுக்கும் மல்டிபிளெக்ஸ் உரிமையாளர்களுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வரி போக மிஞ்சும் வசூலில் படத்தின் தரப்புக்கு முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதற்குப் பிறகு 30 சதவீதம் என்று வகுக்கப்பட்டது. முதல் நாளே ரசிகர்கள் திரளும் நட்சத்திரப் படத்துக்கு இது பொருந்தும். பார்த்தவர் சொல்லி மற்றவர் வரவேண்டிய படத்துக்கோ, ஆள் வரத் தொடங்கும் நேரத்தில் பங்கு தேய்ந்திருக்கும்.

[திரையில்: சென்னை, 2011.]

'ஆரண்ய காண்டம்' படத்தை எடுத்துக்கொள்வோம். தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம்; எஸ்.பி.பி. சரண் தயாரித்தது. வடசென்னைத் தாதாக்களுக்கு நடுவே, சேவல் சண்டைக்காரர் ஒருவரும் அவருடைய சிறுவயது மகனும் மாட்டிக்கொள்ளும் ஒரு நாள் கதை. தணிக்கையில் 52 வெட்டுகள் கேட்கப்பட்டு, மேல்முறையீடு வரை போய், 2011 ஜூனில்தான் திரைக்கு வந்தது. அந்த அப்பனும் மகனும் வரும் காட்சிகளில் இருக்கும் பரிவுக்காகவே படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் ஒருமுறைகூடத் திரையரங்கில் இல்லை. அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருதுகள் வந்து சேர்ந்தபோது, படம் அரங்கங்களை விட்டுப் போய் வெகு நாளாகியிருந்தது. இன்று அதைக் கொண்டாடுவோரில் பெரும்பாலோர் டிவிடியிலும் கணினியிலும் பார்த்தவர்களே.

பெங்களூரிலோ இந்தச் சிக்கல் இன்னும் இறுகுகிறது. கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, ஆங்கிலம் என ஆறு மொழிப் படங்கள் ஒரே திரைகளுக்குப் போட்டியிடும் ஊரில், சிறிய தமிழ்ப் படத்துக்கு மிஞ்சுவது காலை ஒன்பது மணியோ நள்ளிரவை ஒட்டிய நேரமோதான். அல்சூரிலிருந்து வைட்ஃபீல்டு வரை சிதறிக்கிடக்கும் நம்மவர்கள் அந்த நேரத்தில் எப்படி வந்து சேர்வார்கள்?

இதே ஊரில் ஒருவர் வரிசையைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தார். பவன் குமார் தம் கன்னடப் படமான 'லூசியா'வுக்குத் தயாரிப்பாளர் கிடைக்காததால், இணையத்தில் பொதுமக்களிடமே பணம் கேட்டார். சுமார் 110 பேர், 50 லட்சம் ரூபாய் அளவுக்குப் போட்டார்கள். திரையரங்கில் டார்ச் அடித்து இருக்கை காட்டும், தூக்கம் வராத ஓர் இளைஞனின் கனவுக் கதை அது. 2013 செப்டம்பரில் வெளியானபோது, பணம் போட்ட ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் அலுவலகத்திலும் அதைப் பற்றிப் பேசக் காரணம் இருந்தது. பின்னர் தமிழில் 'எனக்குள் ஒருவன்' என்று எடுக்கப்பட்டதும் இந்தப் படம்தான். எல்லாப் படத்துக்கும் இந்த வழி சரிவராது. ஆனாலும் பார்வையாளரைப் படம் எடுக்கும் முன்பே தேடிய அந்தத் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

[திரையில்: மல்டிபிளெக்ஸ் முகப்பு, காலியான நாற்காலிகள்.]

அன்றிரவு காட்சி ரத்தானதும், நாங்கள் நால்வரும் பாப்கார்ன் கவுன்டர் அருகே நின்று தொலைபேசி எண்களை மாற்றிக்கொண்டோம். இப்போது வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். வியாழக்கிழமை மாலை, யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று பார்த்து ஒரே காட்சிக்கு முன்பதிவு செய்கிறோம். சென்ற மாதம் ஒரு சிறிய படத்துக்கு முதல் வெள்ளி இரவு பதினேழு பேர் போனோம். காட்சி ரத்தாகவில்லை.