செவிக்காகக் கட்டிய வீடு

அவையோருக்கு வணக்கம்.

முதலில் பலகையில் ஒரு செவ்வகம் போட்டுக்கொள்கிறேன். இது ஒரு சிற்றாலயத்தின் தரைப்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசங்க மேடையை இதில் எங்கே வைப்பீர்கள்? நம்மில் பலரும் கோடியில், நீளம் குறைந்த குட்டைச் சுவரில்தான் வைப்போம். நெடுக நடந்துபோய் முன்னே நிற்பது நமக்குப் பழகிய வழி. வேல்ஸ் நாட்டு மலை விவசாயிகள் அதை நீளச் சுவரின் நடுவில் வைத்தார்கள். இன்று நான் பேச வந்தது அந்த ஒரு முடிவைப் பற்றித்தான்.

வேல்ஸின் நடுப்பகுதியில் ட்ரெகாரன் என்ற சிற்றூருக்குக் கிழக்கே, காம்துர் ஆற்றோரம் ஆளரவமற்ற மேய்ச்சல் மலையில் நிற்கிறது சோவார்-அ-மனித் என்ற சிற்றாலயம். 1822இல் கட்டியது. 'மலையிலுள்ள சோவார்' என்று பொருள். லோத்து ஓடிப்போய் உயிர் தப்பிய சிறிய ஊர் சோவார், வேதாகமம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வேல்ஸிலேயே மிகத் தனித்த சிற்றாலயம் இதுதான் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். கட்ட முன்னின்றவர் ட்ரெகாரனில் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவின் போதகராக இருந்த எபெனேசர் ரிச்சர்ட். கோபுரம் கிடையாது, மணிக்கூண்டு கிடையாது. சுண்ணாம்பு பூசிய கல் சுவர், ஸ்லேட் கூரை, அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் பண்ணை வீடு என்றே நினைப்பீர்கள்.

அந்தத் தோற்றத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1689க்கு முன், அரசத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபைக்கு வெளியே கூடி வழிபடுவது சட்டப்படி குற்றம். அதனால் பண்ணை வீடுகளிலும் களஞ்சியங்களிலும் கூடினார்கள். அந்த ஆண்டு அதற்கு அனுமதி தந்த சகிப்புச் சட்டம் வந்ததும், கையிலிருந்த கட்டடங்களையே ஆலயமாக்கினார்கள். கிளாஸ்பரி என்ற ஊருக்கு அருகே உள்ள மைசிரொன்னென் ஆலயம் அப்படி 1690களில் மாற்றிய பழைய பண்ணைக் கட்டடம்தான். இன்றும் நிற்கிறது. வேல்ஷ் மொழியில் இவற்றுக்கு ஒரு பெயர் 'டீ கூர்த்', கூடும் வீடு. எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும்.

சரி, மேடை ஏன் நீளச் சுவரில்? கணக்கு எளிது. குட்டைச் சுவரில் மேடை இருந்தால் கடைசி வரிசை முழு நீளத்துக்கு அப்பால் போய்விடும். நீளச் சுவரின் நடுவில் வைத்துப் பாருங்கள், எல்லாரும் அரைவட்டமாகப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். அந்த வழிபாட்டின் உயிர் பிரசங்கம். பலிபீடத்தை நோக்கிப் போகும் ஊர்வலம் இல்லை, அதனால் நடுப்பாதைக்கும் வேலை இல்லை. மேடைக்கு இருபுறமும் உயரமான இரண்டு ஜன்னல்கள் வைத்தார்கள். வேதப் புத்தகத்தின் மேல் வெளிச்சம் விழ வேண்டும் அல்லவா? சோவாரில் மேடைக்குப் பின்சுவரில் 'தியூ காரியத் யூ' என்று எழுதியிருக்கிறது. 'தேவன் அன்பாகவே இருக்கிறார்.' படம், சிலை எதுவும் இல்லாத சுவரில் அந்த எழுத்துதான் அலங்காரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பழக்கம் மாறியது. சபைகள் பெருத்தன, கையில் பணமும் வந்தது. குட்டைச் சுவரே தெருவைப் பார்க்கும் முகப்பானது. தூண், வளைவு, மாடி இருக்கைகள் எல்லாம் சேர்ந்தன. அவற்றிலும் அழகானவை உண்டு. ஆனாலும் என் மனம் பழைய அமைப்பின் பக்கம்தான்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சோவாரில் ஆலயத்தை ஒட்டி ஒரு வீடு இருக்கிறது, குதிரை லாயமும் இருக்கிறது. குடும்பங்கள் பல மைல் தூரம் குதிரையேறி மலை கடந்து வந்தன. குதிரைக்கு இடமில்லாமல் அங்கே ஆராதனையே நடந்திருக்காது. அதனால் லாயத்தையும் ஆலயத்தின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன். சிற்றாலயங்களை விற்று வீடாக மாற்றும்போது சுவர்கள் பிழைத்துவிடுகின்றன, முதலில் போவது மேடையும் இருக்கைகளும். அப்புறம் மிஞ்சுவது ஜன்னல் வைத்த ஒரு பெட்டிதான். இது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

சோவாரின் சபையைக் குலைத்தது 1946-47இன் கொடும் பனிக்காலம். ஆடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. மேய்ப்பர் குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின, பலர் திரும்பவில்லை. ஆனாலும் கதவு மூடிவிடவில்லை. கோடைக்கால ஞாயிறுகளில் இப்போதும் அங்கே வேல்ஷ் மொழியில் ஆராதனை நடக்கிறது. வருகிறவர்கள் காரில் வருகிறார்கள், அந்த நீளச் சுவரைப் பார்த்து உட்காருகிறார்கள்.