கப்பல் மூழ்கியது ஆகஸ்டில், கதையில் டிசம்பரில்: ‘போல் எ விர்ஜினி’யைப் பரீட்சை பயம் இல்லாமல் படிப்போம்

வணக்கம். சேன் ஜெரான் என்ற பிரெஞ்சுக் கப்பல் நம் மொரீஷியஸின் வடகிழக்கே பவளப்பாறையில் மோதி மூழ்கியது 1744 ஆகஸ்டில். நம் தீவின் புகழ்பெற்ற நாவலான ‘போல் எ விர்ஜினி’யில் அதே கப்பல் அதே ஆண்டு டிசம்பரில் மூழ்குகிறது, அதுவும் பெரும்புயலில். ஆகஸ்டில் இங்கே புயல் ஏது? ஸ்வெட்டர் தேடும் மாதம் அது! நாவலாசிரியர் தெரிந்தேதான் தேதியை மாற்றிக் குறித்திருக்கிறார் என்பது என் கட்சி.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் பெர்நார்தேன் த சேன் பியேர். 1768 முதல் 1770 வரை இங்கே வாழ்ந்தவர். நாவல் வந்தது 1788இல். தீவில் ஒன்றாக வளரும் போல், விர்ஜினி என்ற இரண்டு பிள்ளைகள், காதல், பிரிவு, மரணம். அவ்வளவுதான்.

பள்ளியில் இதைப் படித்தவர்களுக்கு நினைவிருப்பது கப்பல் மூழ்கும் காட்சி. ஆடையைக் களைந்தால் நீந்திக் காப்பாற்றிவிடலாம் என்று மாலுமி ஒருவன் கெஞ்சுகிறான், விர்ஜினி மறுக்கிறாள், அலை அடித்துக்கொண்டு போகிறது. பதினைந்து வயதில் கண்ணீர் வரும். இப்போது படித்தால், “அடி பெண்ணே, உயிர் முக்கியமா, உடுப்பு முக்கியமா?” என்று கத்தத் தோன்றுகிறது.

ஆனால் நான் இந்த வீடியோ போடுவதற்குக் காரணம் அதற்குப் பிறகு வரும் ஒரே ஒரு வாக்கியம். பாம்ப்ளமூஸ் ஊரில் விர்ஜினியின் இறுதிச் சடங்கு. மடகாஸ்கர், மொசாம்பிக் பெண்கள் பழக்கூடைகளை விர்ஜினியைச் சுற்றி வைக்கிறார்கள். வங்காளத்திலிருந்தும் மலபார்க் கரையிலிருந்தும் வந்த இந்தியப் பெண்கள் கூண்டு கூண்டாகப் பறவைகளைக் கொண்டுவந்து, அவள் உடல்மேல் பறக்கவிடுகிறார்கள். நிறுத்துங்கள்! அன்றைய பிரெஞ்சுக்காரர்கள் தமிழர்களையும் மலபார்க்காரர்கள் என்றே எழுதினார்கள். ஆளுநர் லபூர்தொனே போர்ட் லூயிஸைக் கட்டப் புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களை வரவழைத்த காலம் அது. அவரே இந்த நாவலில் பாத்திரமாக, பணப்பையோடு வந்து போகிறார். அப்படியானால் அந்தக் கூண்டுகளைத் தூக்கி வந்தவர்களில் நம் பாட்டிமார் சாயலில் யாரும் இருந்திருக்க மாட்டார்களா? அவர்களுக்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை. பறவைகளை எங்கே பிடித்தார்கள், யார் பின்னிய கூண்டு, ஒன்றும் இல்லை. ஆசிரியர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. இந்த இடத்தில் பரீட்சையில் கேள்வி வராது. அதனால்தான் வகுப்பில் இது கண்ணில் படுவதில்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு உட்கார்ந்துகொள்ளலாம் என்பதுதான் பெரியவர்கள் பழைய நாவல் படிப்பதில் உள்ள சுகம்.

இன்னொரு இடம் சுகமானது அல்ல. ஓடிவந்த அடிமைப் பெண் ஒருத்தியை, மன்னிப்பு வாங்கித் தருவதாக நம்பிப் பிள்ளைகள் இருவரும் எசமானனிடமே திரும்ப அழைத்துப் போகிறார்கள். அவனும் மன்னித்துவிட்டதாகச் சொல்கிறான். பிறகு அவளைப் பார்த்தால் காலில் சங்கிலி, கழுத்தில் கொக்கிகள் வைத்த இரும்பு வளையம். அந்தப் பிள்ளைகளின் அன்பான இரண்டு வீடுகளிலுமே அடிமைகள் வேலை செய்கிறார்கள் என்பதை நாவல் இயல்பாகக் கடந்துபோகிறது. அதைப் படித்து எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

[திரையில்: மஹேபூர் அருங்காட்சியகத்தில் உள்ள சேன் ஜெரான் மணி]

படிக்கப் பணம் வேண்டாம். காப்புரிமை முடிந்து எத்தனையோ காலம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சின்னப் புத்தகம், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். பழைய பிரெஞ்சு தடுக்கினால் வாய்விட்டுப் படியுங்கள். கிரியோல் பேசிப் பழகிய காதுக்குப் பாதி தானாகப் புரிந்துவிடும். நாவலில் கதை சொல்லும் கிழவர், போலுக்கு வாழ்க்கை, புகழ், செல்வம் என்று பக்கம் பக்கமாக உபதேசம் செய்வார். தாராளமாகத் தாண்டுங்கள், ஆசிரியர் யாரும் பிரம்போடு நிற்கவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் ‘மதாம் போவாரி’ நாவலின் நாயகி எம்மாவும் இதே நாவலைப் படித்தவள்தான். அவளும் அந்தப் பக்கங்களைத் தாண்டியிருப்பாள் என்று பந்தயம் கட்டுவேன்.

கிழவரின் உபதேசத்தை ஒரு வரி விடாமல் படித்து முடித்தவர் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அவரைத்தான் பேசவைக்கப் போகிறேன்.