போன்சாய் மரத்தில் எறும்பு ஏறினால்

நேயர்களுக்கு வணக்கம்.

போன்சாய், அதாவது தொட்டியில் குட்டையாக மரம் வளர்ப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, 'என்ன மருந்து அடிக்கலாம்?' என்பதுதான். மருந்து இருக்கட்டும், அடிமரத்தில் எறும்பு ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். எறும்பு மரத்தைத் தின்ன வருவதில்லை. மாவுப்பூச்சியும் அசுவினியும் செதில் பூச்சியும் சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியேற்றும் தித்திப்பான கழிவுக்காக வருகிறது. அந்தக் கழிவு படிந்த இலையில்தான் கரும்பூசணம் பிடிக்கும். எறும்புச் சாரை போய் நிற்கும் இடத்தில் பூச்சி இருக்கும்: காம்பு இடுக்கு, கிளையை வளைக்கக் கம்பி சுற்றிய இடம், சில சமயம் மண்ணுக்குள் வேர்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மாவுப்பூச்சி அல்ல. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழையோடு அதே வேஷத்தில் இருக்கும். ஆனால் அளவில் பெரிது, சுறுசுறுப்பாக நகரும். அதை நசுக்கிவிடாதீர்கள். 1928 வாக்கில் நம் நீலகிரியின் சீகை (வாட்டில்) மரங்களைப் பஞ்சுச் செதில் பூச்சி தாக்கியபோது, அதை அடக்கக் கொண்டுவந்து விட்டதும் ஒரு பொறிவண்டைத்தான். பைன் மரத்தை மண் மாற்றும்போது வேரில் தெரியும் வெண்பூசணமும் பெரும்பாலும் நல்லதுதான், கழுவ வேண்டாம்.

பனிக்குப் பயந்து ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தைக் கண்ணாடி வராந்தாவுக்குள் வைப்பவர்கள், சிவப்புச் சிலந்திப்பேன் என்ற புள்ளி அளவுப் பூச்சியைக் கவனிக்க வேண்டும். உள்ளே காற்று வறண்டால் அதற்குக் கொண்டாட்டம். பச்சை மங்கித் தூசி படிந்ததுபோல் தெரிந்தால், கிளைக்கு அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்கின்றனவா? அதேதான். கிளையின் அடிப்புறம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினால் பாதிக்குமேல் போய்விடும்.

மிச்சத்துக்கு வேப்பெண்ணெய். நம் ஊர்க் குளிரில் அது உறைந்திருக்கும், பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். முதலில் ஒரு சிறு கிளையில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். மாலையில் தெளிக்கச் சொல்வது சமவெளிக்குச் சரி. இங்கே மஞ்சு இறங்கினால் இலை விடியும்வரை காயாது. அதனால் வெயில் ஏறுமுன் காலையில் தெளியுங்கள். தொட்டி மண்ணைப் பாலித்தீனால் மூடிவிடுங்கள், சோப்புத் தண்ணீர் பாசியைக் கருக்கும். முட்டையிலிருந்து புதிய குஞ்சுகள் வரும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை வேண்டும். ஓடு கெட்டியான செதில் பூச்சிக்கு இது போதாது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதே சுருக்கமான வழி.

அப்புறம் அந்த எறும்பு. பெஞ்சுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். ஒரு கிளைகூடச் சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும், தொட்டால் அதன் வழியே ஏறிவிடும்.

நன்றி, வணக்கம்.